நாற்பது கிலோமீட்டரில் ஐரோப்பா

சரக்கு விலை, வரி, எடைக்கல் முத்திரை என்றே இந்தப் பக்கங்களில் எழுதிப் பழகிய நாம், இம்முறை இரண்டு நாள் ஊர் சுற்றி வந்ததைப் பற்றி எழுதுகிறோம். இதிலும் வியாபாரம் இருக்கிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

விழுப்புரத்தில் நாம் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். திண்டிவனத்தில் நம் சம்பந்தி கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஐப்பசியில் ஒரு நாள் சம்பந்திக்கு மண்டியிலேயே நெஞ்சு அடைத்து, ஆறு நாள் மருத்துவமனையில் இருக்கும்படி ஆயிற்று. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கடைசியாக எப்போது வெளியே போய் இரண்டு நாள் தங்கினீர்கள்?" என்று கேட்டாராம். சம்பந்தி யோசித்துப் பார்த்து, "பெண் கல்யாணத்துக்கு மண்டபத்தில் தங்கினேன்" என்றாராம். அந்தக் கல்யாணம் நடந்து பதினோரு வருடம் ஆகிறது. மண்டபமும் திண்டிவனத்திலேயே இருக்கிறது.

இதைக் கேள்விப்பட்ட நம் மகன், அதாவது அவருடைய மாப்பிள்ளை, ஐரோப்பா சுற்றுலா நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தான். பாரிஸ், ரோம் என்று வழவழப்பான படங்கள். விசாரித்ததில் தெரிந்த விவரம்: பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி உட்பட இருபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஷெங்கன் என்ற ஒரே விசா. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். விரல் ரேகை வைக்க நாமே நேரில் போக வேண்டும். இவை முடியாத காரியங்கள் அல்ல. ஆனால் நெஞ்சு வலி வந்து மூன்று மாதம் ஆகாத மனிதரை விமானத்தில் ஏற்றி, ஏழு நாளில் ஐந்து ஊரைக் காட்டி இறக்குவதற்குப் பெயர் ஓய்வா என்று நமக்குத் தோன்றியது. செலவும் ஆளுக்கு லட்சக் கணக்கில்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் இப்படிச் சுற்றுவதில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மார்ச் கடைசியில் வெயில் திரும்பியதும், இரண்டு மூன்று நாள் கிடைத்தால் போதும், பக்கத்தில் உள்ள ஒரே ஒரு நகரத்துக்குப் போவார்கள். அங்கே நடப்பார்கள். காப்பிக் கடைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். மதியம் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நடப்பார்கள். பத்து இடம் பார்த்துக் கணக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. நம்மவர்கள் சுற்றுலா போனால் பேரேடு ஒத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கோயிலாக டிக் அடித்துக்கொண்டு ஓடுவதை நினைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத நம் வீட்டம்மா கேட்டார்: "நாற்பது வருஷமா பாண்டி பாண்டின்னு போறீங்களே, அங்க கடற்கரையில ஒரு தரமாவது உட்கார்ந்திருக்கீங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. காலையில் போவோம், பெரிய மார்க்கெட்டில் வசூல், இரண்டு கடையில் சிட்டை எழுதுவோம், மதியச் சாப்பாட்டுக்குள் பஸ் ஏறிவிடுவோம். மார்க்கெட்டிலிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் பிரெஞ்சுக்காரர் கட்டிய நகரம். அந்தப் பத்து நிமிடத்தை நாற்பது வருடத்தில் நாம் செலவழித்ததில்லை. (நம் பக்கத்து ஆட்கள் பாண்டிக்குப் போகும் வேறொரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். எனவே தை மாதம் பிற்பாதியில், செவ்வாய், புதன் இரண்டு நாளும் அங்கே தங்குவது என்று முடிவு செய்தோம். மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சாங்கப்படி நமக்கு இளவேனில் சித்திரையும் வைகாசியும். அந்த வெயிலில் அங்கே நடந்தால் திரும்பி வருவது சந்தேகம். ஏப்ரலில் பாரிசில் பகலில் பதினைந்து பதினாறு டிகிரி இருந்தால் அவர்களுக்கு வசந்தம். நமக்கு அந்தச் சுகத்தைத் தருவது தையும் மாசியும். பொங்கல் வியாபாரம் முடிந்து மளிகையும் சற்றுக் கை ஓய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையை வேண்டுமென்றே விட்டோம். அன்று காந்தி வீதி முழுவதும் சண்டே மார்க்கெட். கால் வைக்க இடம் இராது.

நாங்கள் ரயிலில் போனோம். விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று வயல்வெளியில் நிதானமாகப் போகும். சம்பந்தி வீட்டார் கிளியனூர் வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நடப்பது எளிது. நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடல் வரை பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வீதிகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல நேர்கோடு. இந்த ஊர் 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது; அவர்கள் போட்ட திட்டம்தான் இந்த நேர்வீதிகளுக்கு அடிப்படை என்கிறார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்த பின் மறுபடி கட்டினார்கள். திண்டிவனத்துக்காரர்களுக்கு வந்தவாசி பக்கத்து ஊர். அங்கே நடந்த சண்டையால் இங்கே ஒரு நகரமே இடிந்தது என்று சொன்னபோது சம்பந்தி, "வந்தவாசிக்கு வாரம் ஒரு தரம் போறேன், யாரும் சொல்லலையே" என்றார்.

காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கினோம். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, உயரமான மரக்கதவு, மதிலுக்கு மேல் காகிதப் பூ. மதிலுக்கு உள்ளே முற்றமும் தோட்டமும். மூலைக்கு மூலை நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் வீதியின் பெயர். அவர்கள் பாஷையில் 'ரூ' என்றால் வீதி. 'ரூ துய்மா' என்று படித்ததும் சம்பந்தி, "துய்மா எத்தனை ரூபாய்?" என்று கேட்டார். ஐப்பசிக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையைக் கேட்டு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது எழுப்பினார்களாம். அதன் படிக்கட்டு நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சும்மாதான். சும்மா உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் கை தானாகச் செல்போனைத் தேடியது.

சம்பந்திக்குத் தேட வேண்டியிருக்கவில்லை, அதுவே அடித்தது. மண்டிக்கு உளுந்து லோடு வந்திருக்கிறது. அவருடைய சிறிய மகன் ஈரம் பார்க்காமல் விலை பேசி நாற்பது மூட்டை இறக்கிவிட்டான். சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். முகம் சிவந்து, "நான் கிளம்பறேன்" என்றார். நாங்கள் பயந்தது அதற்குத்தான். நல்ல வேளையாகச் சம்பந்தியம்மா, "அந்த உளுந்து இறங்கியாச்சு, நீங்க போய் ஏத்தப் போறீங்களா?" என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்தார்கள். காய வைத்து விற்றதில் சில ஆயிரம் நஷ்டம்தான். அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு ஈரம் பார்க்காமல் எந்த மூட்டையும் இறக்குவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கெழுத வேண்டும்.

மதியம் ஒன்று, ஒன்றரைக்குப் புதுச்சேரியில் பல கடைகளை அடைத்து நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். பழைய வழக்கம். கடை திறந்திருக்க வேண்டிய நேரத்தில் அடைத்த கதவுகளைப் பார்த்ததும் நமக்கு உள்ளுக்குள் பதறியது. அவர்களும் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்களும் சாப்பிட்டுப் படுத்தோம். சம்பந்தி மூன்று மணி நேரம் தூங்கினார்.

மாலையில் நாம் வேண்டி விரும்பி எல்லோரையும் அழைத்துப் போனது பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்கு. வியாபாரிகள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது. உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளை (1709–1761) ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் நம்மைப் போல மொத்த வியாபாரி என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. துணி, பாக்கு எல்லாம் அவர் சரக்கு. சொந்தக் கப்பலும் இருந்தது. 1736 முதல் தன் இறுதிக் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் கப்பல் வந்தது, சரக்குப் பேசியது, யார் யாருக்கு என்ன மரியாதை நடந்தது, ஊர் வம்பு எல்லாம் இருக்கிறது. காலையில் பாக்குக் கிடங்கில் போய் உட்கார்ந்ததாக அடிக்கடி வரும். வீட்டின் கீழ்த்தளம் நம்மூர் மரத்தூண்; மேல்தளம் ஐரோப்பியத் தூண். வாழ்க்கையும் அப்படித்தான் நடத்தியிருக்கிறார். புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரி 12ஆம் தேதி காலமானார். சம்பந்தி அந்தக் கீழ்த்தளத் தூணைத் தடவிக்கொண்டே, "கடைசி வரைக்கும் கணக்கு எழுதினாரா?" என்று கேட்டார். உடம்பு முடியாதபோதும் எழுதியிருக்கிறார் என்றோம். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை அங்கே வண்டி விடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தூரம் ஜனங்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பார்கள். 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்துப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நம் மாவட்டத்துக் கல்லைப் பார்க்க நாம் இவ்வளவு தாமதமாக வந்தோம். எதிரே, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு 1938இல் திறந்த நினைவுச் சின்னம். சற்றுத் தள்ளி ஒரு காப்பிக் கடையில், ஐரோப்பியர் செய்வதுபோல ஆளுக்கு ஒரு காப்பி வாங்கி ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். காப்பி விலையைச் சொன்னால் நம் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். நாற்காலிக்கும் கடலுக்கும் சேர்த்து வாடகை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். நம் வீட்டம்மா மட்டும், "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். நாற்பது வருடத்துக்குப் பின் கேட்ட கொஞ்ச நேரம், கொடுத்தோம்.

மறுநாள் தமிழர் பகுதி. திண்ணையும் தாழ்வாரமுமாக வைசியாள் வீதியில் பழைய வீடுகளைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டு கிடைத்தது. வியாபாரிகள் கட்டிய வீடுகள் அவை. நம் ஊரில் அப்படிப்பட்டவற்றை இடித்துவிட்டு ஷட்டர் போட்ட கடைகளாக்கியவர்களில் நாமும் ஒருவர் என்பதால் இங்கே அதிகம் பேச நாக் கூசுகிறது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் இந்த ஊரில் இருந்தார். அரவிந்தர் வந்தது 1910இல். ஆங்கிலேயர் போலீசுக்கு எட்டாத ஊராக இருந்ததே இருவரும் வரக் காரணம். மதியத்துக்குள் முடித்துக்கொண்டு, நீள ரொட்டி நான்கு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரம். பிரெஞ்சுப் பகுதியில் அறை வாடகை சனி, ஞாயிறில் ஏறும். வார நாளில் பேரம் உண்டு. ஆசிரமத்து விடுதிகள் எளிமையும் சுத்தமும். புகை, மது கூடாது, இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் உட்பட நம் பக்கத்துச் சுவாமிகள் பலர் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார்கள். தரிசனத்துக்கு நல்ல நாள், ஓய்வுக்கு அல்ல. மண்டி வைத்திருப்பவர்கள் மணிலா வரத்து தொடங்குமுன் போய்வந்துவிடுவது உத்தமம். கடைச் சாவியைக் கொடுக்கும்போது ஈரம் பார்க்கும் கருவியையும் சேர்த்துக் கொடுக்கவும்.

நோட்டீஸ் இன்னும் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. சம்பந்தி அதை ஒரு நாள் எடுத்துப் பார்த்தார். பாரிசில் லா சப்பெல் என்ற பகுதியில் வரிசையாகத் தமிழர் மளிகைக் கடைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டது முதல் உளுந்து அங்கே என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர் சம்மதித்தால் பார்க்கலாம். அதற்குள் வருகிற தை மாதம் நாலைந்து குடும்பமாகப் புதுச்சேரிக்கே மறுபடி போவதாக இருக்கிறோம். உடன் வர விரும்பும் உறுப்பினர்கள் பொங்கலுக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். துணைவியாருடன் வருபவர்களுக்கு மட்டுமே இடம்.