பாராமெடிக்கல் படிக்கப் போகிறீர்களா? முதலில் மருத்துவமனையைப் பாருங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், 'ஆறே மாதத்தில் சான்றிதழ், கைமேல் வேலை' என்ற பாராமெடிக்கல் நோட்டீஸ்கள் பேருந்து நிலையச் சுவர்களை நிரப்பிவிடுகின்றன. மருத்துவம் கிடைக்காத பிள்ளைகளுக்கும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது பெரிய ஆசை காட்டுகிறது. ஆனால், இந்த வேலையை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

ரத்தம் எடுப்பதையே பாருங்கள். 'நீங்கள்தானே முருகன்?' என்று கேட்கக் கூடாது. பாதி மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்து, சீட்டுடன் ஒப்பிட வேண்டும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. ரத்தம் உறையும் திறனைப் பார்க்கும் நீல மூடிக் குழாயை, ஊதா மூடிக் குழாய்க்கு முன்பே நிரப்ப வேண்டும். ஊதாக் குழாயில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் உண்டு. அது கொஞ்சம் அடுத்த குழாயில் கலந்துவிட்டாலும், நன்றாக இருப்பவருக்கும் பொட்டாசியம் கூடியிருப்பதாக ரிப்போர்ட் வரும். அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுவார். வேலை முடிந்ததும் ஊசிக்கு மூடி போடாமல், குத்தினால் துளைக்காத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். மூடி போடும் நேரத்தில்தான் பலருக்கு விரலில் குத்துகிறது. மஞ்சள்காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் பி கிருமி அந்த வழியாகவும் தொற்றும். அதனால்தான் ஊசியைத் தொடும் முன்பே மாணவர்கள் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

புத்தகத்தில் இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அழுகிற குழந்தையின் கையிலும், நரம்பே தெரியாத பாட்டியின் கையிலும் பதறாமல் செய்வதற்கு வார்டில் நின்று பழக வேண்டும்.

ஆறு மாதம் போதாது என்றே சட்டமும் சொல்கிறது. துணை மருத்துவப் பணிகளுக்காக நாடாளுமன்றம் 2021-ல் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி, டிப்ளமோ அளவிலான துணை மருத்துவப் பணியாளருக்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். அதுவும் 2 முதல் 4 ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும். லேப் டெக்னீஷியனுக்கான டி.எம்.எல்.டி. டிப்ளமோ 2 ஆண்டுப் படிப்பு. மூன்று ஆண்டு பி.எஸ்சி. படிப்பவர்கள் அதன்பிறகு ஓராண்டு பயிற்சியும் முடிக்க வேண்டும்.

பெற்றோரே, சேர்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு? பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கைகள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வார்டிலும் லேபிலும் வேலை? பதில் மழுப்பலாக இருந்தால், அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகளிலும் பாராமெடிக்கல் இடங்கள் இருக்கின்றன. குறைந்த கட்டணம், கூட்டம் நிறைந்த வார்டு. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

மாணவர்களே, நாளை உங்களிடம் ஒருவர் நம்பிக்கையோடு தன் கையை நீட்டுவார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக, இரண்டு வருடம் பொறுமையாகப் படியுங்கள்.