சத்தம் வலியாகும் பிள்ளைகள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றைக் கடந்து திருக்கோவில், வினாயகபுரம் வரை நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில், பள்ளிவாசலின் பாங்கும் கோயிலின் ஒலிபெருக்கியும் சூன் பாண் வண்டியின் பாட்டும் கடலின் இரைச்சலும் ஒரு குழந்தையின் காதை நாள் முழுவதும் எட்டிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளின் மூளை இவற்றில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கோ அந்த ஒதுக்கல் எளிதில் நிகழ்வதில்லை என்பதால், மற்றவர்கள் கவனிக்காத ஓர் ஒலிகூட அவர்களைக் காதைப் பொத்திக்கொண்டு ஓட வைக்கிறது.

ஓட்டிசம் என்பது நோயன்று. சமூக உறவாடலையும் மொழியையும் புலன் அனுபவத்தையும் வேறுவிதமாக அமைத்துவிடும், பிறவியிலேயே வேர்கொண்ட மூளை வளர்ச்சி வேறுபாடு. 1943இல் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி உளமருத்துவர் லியோ கேனர் எழுதிய முதற் கட்டுரையிலேயே உரத்த ஒலிகள் அவர்களில் சிலருக்கு ஊட்டிய பேரச்சம் பதிவாகியிருந்தபோதிலும், புலன் உணர்திறன் வேறுபாடு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பெரும் பழியைச் சுமந்தவர்கள் தாய்மார். தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தை 1964இல் உளவியலாளர் பேர்னாட் ரிம்லாண்ட் ஆதாரங்களோடு மறுத்த பின்னரும், 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதையே மீண்டும் நூலாக்கினார். அறிவியல் அக்கருத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் ‘தாய் பேச்சுக் கொடுக்கவில்லை’, ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்’ என்ற பேச்சு நம் முற்றங்களில் இன்னும் ஓயவில்லை. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே மருத்துவர் ஹேமமாலி பெரேரா குழுவினர் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அத்தனை தாய்மாரும் அன்பற்றவர்கள் என்று எவரும் துணிந்து சொல்ல முடியாது.

ஒரே பிள்ளையிடம் மிகையுணர்வும் குறையுணர்வும் சேர்ந்தே இருக்கக்கூடும். மிக்ஸியின் சத்தத்துக்கு அலறும் பிள்ளை, முழங்கால் கிழிந்து இரத்தம் வந்தாலும் அழாமல் இருக்கலாம். ஐம்புலன்களோடு, கைகால்கள் எங்கே எப்படி இருக்கின்றன என்று தசைகளும் மூட்டுகளும் உணர்த்தும் உடலுணர்வும், உட்செவி தரும் சமநிலை உணர்வும் இப்புலன் வேறுபாட்டில் அடங்கும். சுழல்வதும் குதிப்பதும் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்பதும் பலவேளைகளில் உடல் தனக்கு வேண்டிய உணர்வைத் தேடும் வழிகளே.

பெருநாளுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ வாங்கிய மொடமொடப்பான புதுச்சட்டையை எடுத்துக்கொள்ளலாம். கழுத்தின் பின்புறத்தில் நகத்தளவு நிற்கும் லேபிளின் முனை ஒவ்வோர் அசைவிலும் தோலை உரச, பிள்ளை சட்டையை இழுத்துக் கழற்றி எறிகிறது. கூடியிருக்கும் உறவினர் அதை அடம் என்கின்றனர். அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும், யார் பார்க்கிறார்கள் என்றும் கவனிக்கும். புலன்கள் தாங்கும் எல்லையைக் கடந்து நிலைகுலைந்த பிள்ளையோ எதைக் கொடுத்தாலும் அடங்குவதில்லை. அவ்வேளையில் அடியும் அதட்டலும் இன்னும் இரண்டு தாக்குதல்களாகவே அதன்மேல் விழுகின்றன. லேபிளைத் தையலோடு பிரித்தெடுத்து, சட்டையைப் பலமுறை துவைத்து மென்மையாக்கிய பின் உடுத்துவதும், அப்போதும் வேண்டாமென்றால் பழைய பருத்திச் சட்டையோடு பெருநாள் கொண்டாட விடுவதும் பெற்றோருக்கு இழிவல்ல.

சாப்பாட்டிலும் இதே அணுகுமுறை வேண்டும். புட்டின் உதிர்தன்மையையோ மீன்குழம்பின் மணத்தையோ தாங்காத பிள்ளையின் வாயில் திணிக்காமல், அது ஏற்கும் உணவுக்கு அருகில் புதியதைச் சிறிதளவு வைத்து, தொடவும் முகரவும் நாட்கணக்கில் இடமளிப்பதே பயன்தரும். திருவிழாவுக்குக் கூட்டம் சேருமுன் சென்று திரும்பலாம். வெடியும் மேளமும் எப்போது தொடங்கும் என்பதைப் படம் காட்டி முன்கூட்டியே சொல்லலாம். ஒலித்தடுப்புக் காதுமூடி உதவும். ஆயினும் எந்நேரமும் அணிந்தால் சாதாரண ஒலிகளும் தாங்கமுடியாதவையாக மாறலாம் என்பதால், இரைச்சல் மிகுந்த வேளைகளுக்கு மட்டும் அது போதும்.

கரையோரக் குடும்பங்கள் நீரைப் பற்றித் தனியே எண்ண வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் நீரால் ஈர்க்கப்படுவதும், ஆபத்தை உணராமல் வீட்டைவிட்டு நழுவிச் செல்வதும், நீரில் மூழ்கும் அபாயம் அவர்களுக்கு அதிகம் என்பதும் பல நாடுகளில் அறியப்பட்டவை. கட்டுயர்ந்த மூடியுள்ள கிணறும், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் படலைக்கொரு தாழ்ப்பாளும், காணாமற்போனால் முதலில் கடற்கரைக்கும் களப்புக்கும் ஓடத் தெரிந்த அயலவரும் இன்றியமையாதவை.

கொழும்பின் பெரிய மருத்துவமனைகள் இங்கிருந்து ஒரு முழுநாள் பயணத் தொலைவில் இருக்கின்றன. ஓட்டிசத்தைக் கண்டறியும் முதற்படிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 18ஆம் மாதத் தடுப்பூசிக்காகக் கிளினிக்குக்குச் செல்லும் நாளிலேயே, பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, சில ஒலிகளுக்கு அலறுகிறது என்பதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் ஒளிக்காமல் சொல்லி, செவிப்புலன் பரிசோதனையையும் வளர்ச்சி மதிப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள். ‘ஆண்பிள்ளை, பிந்தித்தான் பேசும்’ என்ற ஆறுதலை நம்பி அடுத்த ஆண்டுவரை காத்திருக்காதீர்கள்.