மூளைக்குள் வெள்ளணுக்கள் நுழைவதைத் தடுத்தல்: நேட்டலிசுமாப் மருந்தின் பயனும் இடரும்

முன்னுரை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகின்றன. நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் உறை சிதைவதால் நரம்புவழிச் செய்திகள் தடைபடுகின்றன. பார்வைக் குறைவு, கைகால் மரத்தல், நடைத் தள்ளாட்டம் முதலியன தோன்றுகின்றன. இவ்வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுத்தே நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதை நேட்டலிசுமாப் மருந்து மெய்ப்பித்தது. அதன் பயனும் இடரும் ஒரே செயல்முறையிலிருந்து பிறப்பவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நுழைவும் தடுப்பும்

மூளையின் நுண்குருதிக் குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இணைந்துள்ளன. குருதி–மூளைத் தடுப்பு என்பதன் அடிப்படை இவ்வமைப்பே. அழற்சி தோன்றும்போது அச்செல்களின் மேற்பரப்பில் விகேம்-1 என்னும் ஒட்டுப்புரதம் மிகுகிறது. குருதியோட்டத்தில் வரும் வெள்ளணு வேகம் குறைந்து சுவரையொட்டி உருள்கிறது. தன் மேற்பரப்பிலுள்ள ஆல்ஃபா-4 பீட்டா-1 இன்டெக்ரின் வழியாக விகேம்-1 உடன் உறுதியாகப் பிணைகிறது. பின்னர்ச் சுவரைக் கடந்து திசுவினுள் புகுகிறது.

இப்பிணைப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருள், எலிகளில் சோதனைமுறையில் தோற்றுவிக்கப்பட்ட மூளை–தண்டுவட அழற்சியைத் தடுப்பதை டெட் யெட்நாக் குழுவினர் 1992இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். இவ்வகை எதிர்ப்பொருளை மனிதருக்கு ஏற்ப மாற்றியமைத்த வடிவமே நேட்டலிசுமாப். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் அளவில் இது சிரைவழியே செலுத்தப்படுகிறது. 942 நோயாளிகள் பங்கேற்ற அஃபர்ம் ஆய்வில், மருந்தற்ற ஒப்பீட்டுக் குழுவைவிட நோயின் மீள்தாக்குதல் வீதம் முதலாண்டில் 68 விழுக்காடு குறைந்தது. நிலைத்த உடலியலாமை பெருகும் வாய்ப்பு ஈராண்டுகளில் 42 விழுக்காடு குறைந்தது.

இடரின் தோற்றம்

அமெரிக்காவில் 2004 நவம்பரில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, 2005 பிப்ரவரியில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. மருந்து பெற்றோருள் சிலருக்குப் பி.எம்.எல். என்னும் கொடிய மூளைத் தொற்று ஏற்பட்டதே காரணம். இதனை உண்டாக்கும் ஜே.சி. வைரஸ் வயதுவந்தோர் பலரின் உடலில் தீங்கின்றி உறங்கிக் கிடக்கிறது. மூளையை அவ்வைரஸிடமிருந்து காப்பவை அங்குச் சுற்றிவந்து கண்காணிக்கும் வெள்ளணுக்கள். நேட்டலிசுமாப் மயலினைத் தாக்கும் செல்லையும் வைரஸை அழிக்கும் செல்லையும் பிரித்தறிவதில்லை. இரண்டின் நுழைவையும் ஒருசேரத் தடுக்கிறது. காவல் குன்றிய நிலையில் பெருகும் வைரஸ், மயலினை உருவாக்கும் செல்களையே அழிக்கிறது.

2006இல் கடுமையான கண்காணிப்பு விதிகளுடன் மருந்து மீண்டும் அனுமதிக்கப்பட்டது. குருதியில் ஜே.சி. வைரஸுக்கான எதிர்ப்பொருள் காணப்படுதல், ஈராண்டுக்கு மேற்பட்ட சிகிச்சை, முன்னர் நோயெதிர்ப்பொடுக்கி மருந்து பெற்றிருத்தல் ஆகிய மூன்றும் இடரை மிகுவிப்பதாகப் பின்னர் அறியப்பட்டது. இவற்றைக் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்குமான இடரைத் தனித்தனியே மதிப்பிட இயல்கிறது. எனினும் மருந்தை நிறுத்துவதும் எளிதன்று. தடை நீங்கியதும் வெள்ளணுக்கள் மீண்டும் புகுவதால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும்.

முறையின் எல்லை

மீள்தாக்குதல்களின்றி இயலாமை படிப்படியாகப் பெருகும் இரண்டாம்நிலை வளர்முக வகையினரிடம் நடத்தப்பட்ட அசென்ட் ஆய்வில் இம்மருந்து முதன்மை இலக்கை எட்டவில்லை. இந்நிலையில் அழற்சி பெரிதும் தடுப்புக்கு உட்புறமாக, மூளையின் சொந்தச் செல்களாலும் முன்னரே புகுந்து தங்கிய செல்களாலும் நீடிப்பதாகக் கருதப்படுகிறது. வாயிலை அடைப்பது உள்ளே நிகழும் அழிவை நிறுத்தப் போதுமானதாக இல்லை.

நிறைவுரை

வெள்ளணு நுழைவைத் தடுத்தல் மீள்தாக்குதல் வகை நோயில் சிறந்த பயன் தருகிறது. அந்நுழைவே மூளையின் காவலுக்கும் வழியாதலால் பயனையும் இடரையும் முற்றிலும் பிரிக்க இயலாது. தீங்கு செய்யும் செல்களை மட்டும் தேர்ந்து தடுக்கும் வழியைக் காண்பதே இத்துறையின் எதிர்கால ஆய்வுக்குரிய அடிப்படைச் சிக்கலாகும்.