சிங்கப்பூரில் ஏறினால் நியூயார்க்கில்தான் இறக்கம்!

இடையில் எங்கும் தரையைத் தொடாமல் 15,300 கிலோமீட்டருக்கு மேல்! சிங்கப்பூரின் சாங்கியில் கிளம்பினால் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில்தான் சக்கரம் தரையைத் தொடும். 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கிய இந்தச் சேவையில் வானில் கழியும் நேரம் சுமார் பதினெட்டரை மணி. இந்த வழித்தடத்துக்குள் எத்தனை அதிசயங்கள் தெரியுமா?

வட துருவம் நேர்வழியில் இருக்கிறது, தெரியுமா?

உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வட துருவத்தை ஒட்டியே போகும்! இரண்டும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. ஆனால் நியூயார்க் செல்லும் விமானம் அந்த நூல் வழியே போகாது. பசிபிக் மேல் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் பலத்த காற்றோட்டத்தில் ஏறிக்கொள்ளும். தூரம் கூடும், நேரம் குறையும்!

ஒரு நாளே காணாமல் போகும், தெரியுமா?

நியூயார்க்கில் திங்கள் இரவு பத்தரை மணிக்கு ஏறுங்கள். சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் விடியற்காலை! கோடையில் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். மறு திசையிலோ, நள்ளிரவுக்குச் சற்று முன் சிங்கப்பூரை விட்டால் மறுநாள் காலையே நியூயார்க். கடிகாரத்தின் கணக்கில் ஆறேழு மணி நேரம்தான்!

சாதாரண வகுப்பே இல்லை, தெரியுமா?

இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எரிபொருளைச் சுமக்கவே தனியாக எரிபொருள் எரிய வேண்டும்! அதனால் எடையைக் குறைக்க, இருக்கைகள் 161 மட்டும். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி.

இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள், தெரியுமா?

நிற்காத நெடும்பயணம் புதிதல்ல. 1942-இல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவின் லண்டன் விமான வழி அறுந்தது. 1943 முதல் அந்நாட்டு விமான நிறுவனமான குவாண்டாஸின் கட்டலினா நீர்விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி வரை ஒரே மூச்சில் பறந்தன. மூன்றே பயணிகள். எதிரிக்குத் தெரியாதிருக்க ரேடியோ மௌனம், வழிகாட்ட நட்சத்திரங்கள். 27 முதல் 33 மணி நேரம்! தூரம் சிங்கப்பூர்–நியூயார்க்கில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதித்தது. பயணிகளுக்கு அதற்கொரு சான்றிதழும் உண்டு!

அடுத்து 22 மணி நேரம், தெரியுமா?

சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்க குவாண்டாஸ் தயாராகிறது. சுமார் 17,000 கிலோமீட்டர்! 1947-இல் ஊர் ஊராக இறங்கி ஏறி நான்கு நாள் பிடித்த பயணம் இது. இனி ஒரு நாள்கூட வேண்டாம். திட்டத்தின் பெயர் ‘புராஜெக்ட் சன்ரைஸ்’. கொக்கலைக்குப் பறந்த அந்த விமானங்களை எண்ணி வைத்த பெயர் அது. எத்தனை பொருத்தம்!