கடதாசிக் கூழும் பங்கசு நொதியங்களும்

மாத்தளை அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஓலையில் எழுத்துருப் பெற்றது. ஓலைக்கு அன்று நாம் எவரிடமும் கையேந்தவில்லை. இன்றோ பிள்ளைகளின் கொப்பிக்கும் இறக்குமதிக் கடதாசியையே பெரிதும் நம்பியிருக்கின்றோம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டமையை நாம் மறந்துவிடலாகாது.

உள்நாட்டில் கடதாசி தயாரிப்பதற்கு மூலப்பொருள் மட்டும் போதாது. மின்சாரச் செலவும் கழிவுநீரும் பெருந்தடைகளாகும். இவ்விரண்டையும் குறைப்பதற்குப் பங்கசுக்களின் நொதியங்கள் உதவுகின்றன.

காட்டில் விழுந்த மரம் வெளிறி, நார்நாராகப் பிரிவதை நாம் கண்டிருக்கின்றோம். மரத்தின் நார் செலுலோசினால் ஆனது. நார்களைப் பிணைக்கும் பசை போன்றது லிக்னின். இவற்றினிடையே சைலான் என்னும் பொருளும் உண்டு. சில பங்கசுக்கள் தமது நொதியங்களால் லிக்னினையே சிதைத்து விடுகின்றன.

ஆலைகளில் பயன்படுவது உயிருள்ள பங்கசு அன்று. அதிலிருந்து பிரித்தெடுத்த நொதியமாகும். சைலனேஸ் என்னும் நொதியம் கூழிலுள்ள சைலானைத் தளர்த்துவதால், எஞ்சிய லிக்னின் எளிதில் வெளியேறுகின்றது. வெளிற்றுவதற்கான குளோரீன் சேர்வைகளின் தேவையும் குறைகின்றது. 1986ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர்.

செலுலேஸ் நொதியமோ இருமுனைக் கத்தியாகும். இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் இராணுவக் கூடாரத் துணிகளை அரித்த ட்ரைக்கொடேர்மா பங்கசு இதனைப் பெருமளவில் சுரக்கின்றது. அளவோடு சேர்த்தால் நாரின் மேற்பரப்பு இளகும். கூழை அரைப்பதற்கான மின்சாரம் மிச்சமாகும். அளவு மிஞ்சினால் நாரே அறுந்து, கடதாசி வலுவிழக்கும். எனவே வெப்பநிலை, அமிலத்தன்மை, நேரம் ஆகிய மூன்றும் கண்காணிக்கப்பட வேண்டும்.

1956இல் உற்பத்தியை ஆரம்பித்த வாழைச்சேனை ஆலை வைக்கோலில் கடதாசி செய்து காட்டியது. தம்புள்ளை, கலேவெல வயல்களிலும் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆயினும் வைக்கோலிலுள்ள சிலிக்காவின் தொல்லையை இந்நொதியங்கள் தீர்க்கமாட்டா என்பதையும் மறைத்தலாகாது.

கடதாசித் தொழிலுக்கு நாடு மீண்டும் உயிரூட்ட முனையுமாயின், இயந்திரங்களைத் தருவிக்குமுன் நமது வைக்கோலுக்கு ஏற்ற நொதியத்தையும் அதன் அளவையும் ஆய்வுகூடத்தில் நிர்ணயித்தல் அவசியம். சுது கங்கை போன்ற ஆறுகளைக் கழிவுக்குப் பலிகொடுத்துப் பெறும் கடதாசி நமக்கு வேண்டியதில்லை.