குழு கூடி எடுத்த மந்திரிகள்

அரிமளம் அடங்கிய திருமயம் தொகுதி மக்களுக்கு எஸ். ரகுபதி பழகிய பெயர். 2004-ல் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்று மத்திய உள்துறை இணையமைச்சரானவர். 2016-லும் 2021-லும் திருமயத்தின் சட்டமன்ற உறுப்பினரானவர். இணையமைச்சரும் மந்திரிதான். ஆனால் கேபினட்டில் அவர் உறுப்பினர் அல்லர். தம் துறை பற்றிய பேச்சு வந்தால் அழைப்பின்பேரில் போவார். அப்படிப்பட்டவரை யார் பொறுக்குவது? அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, பிரதமர் பரிந்துரைப்பார். குடியரசுத் தலைவர் நியமிப்பார். எம்.பி.க்கள் குழுவாகக் கூடி மந்திரியை எடுக்க இங்கே வழியில்லை.

கடலுக்கு அக்கரையில் இருந்தது.

புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்களே, அந்த இலங்கையில் 1931 முதல் 1947 வரை கேபினட்டே கிடையாது. டொனமூர் ஆணைக்குழு வகுத்த திட்டப்படி, அரசாங்க சபை உறுப்பினர்கள் உள்நாடு, விவசாயம், உள்ளாட்சி, சுகாதாரம், தொழில், கல்வி, போக்குவரத்து என ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். குழுவுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர். அவர்கள் ரகசிய வாக்கில் தலைவரைத் தேர்வார்கள்; அவரை ஆளுநர் மந்திரியாக நியமிப்பார். ஏழு மந்திரிகளோடு மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகளும் சேர்ந்த மந்திரிகள் சபை ஒன்று உண்டு. ஆனாலும் வரவுசெலவுத் திட்டம் தவிர மற்ற வேலைகளில் ஒவ்வொரு மந்திரியும் தம் குழுவோடுதான் கட்டுண்டவர். லண்டன் கவுண்டி மன்றத்தின் குழுக்கள் இதற்கு ஒரு முன்மாதிரி.

முதல் சுற்றில் இது நம்பிக்கை தந்தது. அட்டனில் போட்டியின்றி வென்ற இந்திய வம்சாவளித் தமிழர் பெரி. சுந்தரம் தொழில் மந்திரியானார். முஸ்லிமான மாக்கான் மாக்கார் போக்குவரத்துக்கு வந்தார். கல்விக் குழுவின் தலைவரான கன்னங்கரா 16 ஆண்டும் அதே பொறுப்பில் இருந்து, பின்னாளில் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார்.

1936-ல் நிலைமை தலைகீழானது. ஏழு குழுக்களிலும் சிங்கள உறுப்பினர்களே பெரும்பான்மையாகும்படி ஆட்கள் பிரிந்து அமர்ந்தார்கள். ஏழு மந்திரிகளும் சிங்களவரே. இந்தக் கணக்கைப் போட உதவியவர் தமிழரான கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் என்று பரவலாகப் பேசப்பட்டது. யார் போட்டிருந்தாலும், குறை விதியில்தான் இருந்தது. எட்டுப் பேரில் ஐந்து வாக்கு போதும் என்றால், சபையில் சிறுபான்மையானவர் ஏழு இடத்திலும் தோற்கக்கூடும். ரகசிய வாக்கு மட்டும் அவரைக் காப்பாற்றாது. வட அயர்லாந்தில் 1998 உடன்படிக்கைக்குப் பிறகு, கட்சிகளின் பலத்துக்கேற்ப மந்திரிப் பதவிகள் பங்கிடப்படவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது இந்த அபாயத்தைத் தடுக்கத்தான்.

இலங்கையில் 1942-ல் தமிழரான அ. மகாதேவா உள்நாட்டு மந்திரியானபோதுதான் அந்த ஒரே நிறம் கலைந்தது. 1947-ல் சோல்பரி அரசியல் திட்டம் வந்து குழுக்களை ஒழித்தது. விவசாயக் குழுவின் தலைவராக இருந்த டி.எஸ். சேனாநாயக்க பிரதமராகி, தம் கேபினட்டைத் தாமே பொறுக்கினார். சுந்தரலிங்கத்துக்கு வர்த்தகத் துறை கிடைத்தது. தோட்டத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் மோதி, 1948-லேயே அவர் பதவியை விட்டார்.