பாட்டியின் மாத்திரை டப்பாவும் என் கைப்பேசியும்

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். பாட்டியின் மாத்திரைகள் அதில்தான். கடந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது எதேச்சையாக அதைத் திறந்தேன். மாத்திரைகள் எல்லாம் பாதி பாதியாக உடைக்கப்பட்டிருந்தன.

"ஏன் பாட்டி இப்படி?"

"முடியப் போகுதும்மா. அடுத்த தேதி வரைக்கும் வரணும்ல?"

விசாரித்தபோதுதான் கதை தெரிந்தது. பாட்டிக்கு இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. புத்தகத்தில் எழுதியிருந்த தேதியில் கிளினிக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். தேதி முன்பே மாற்றப்பட்டுவிட்டதாகவும், அது கடந்துவிட்டதாகவும் முகப்பிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். குறுஞ்செய்தி அனுப்பியது உண்மைதான். அது போய்ச் சேர்ந்ததோ மாமா எப்போதோ கைவிட்ட பழைய எண்ணுக்கு. மூன்று வாரம் தள்ளிப் புதிய தேதி கிடைத்தது. மருந்து தீரப்போகிறது என்று வாய் திறந்து சொல்லப் பாட்டிக்குத் தயக்கம். வீட்டுக்கு வந்து மாத்திரைகளைப் பாதியாக உடைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன். "பயனர்" என்ற சொல்லை விரிவுரைகளில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அந்தப் பயனர் என் வீட்டிலேயே உட்கார்ந்து மாத்திரை உடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

பாட்டி பால்மரம் சீவிய காலத்தில் தோட்டத்தில் ஒரு டிரெசர் இருந்தாராம். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். பெரிய நோய் என்றால் மலாக்கா பொது மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். அவரிடம் இருந்த வசதிகள் மிகக் குறைவு. ஆனால், இரண்டு நாள் ஒருவரைக் காணவில்லை என்றால் லயத்துக்கே வந்து கேட்பாராம். பாட்டி இன்றும் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்.

அந்தக் காலத்திற்குத் திரும்ப முடியாது, திரும்பவும் வேண்டாம். மலேசியா மின்னியல் மருத்துவத்தைப் பற்றி யோசித்தது நேற்று இன்றல்ல. 1996இல் தொடங்கிய மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் முதன்மைப் பணிகளில் தொலைமருத்துவமும் ஒன்று. 1997இல் தொலைமருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதக் கோப்புகளுக்குப் பதில் கணினிப் பதிவுகளோடு இயங்கத் தொடங்கியது. 2020 ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி வந்தது. கோவிட் காலத்தில் கடைக்குள் நுழையவும் தடுப்பூசிக்குப் பதியவும் அதைத் திறந்தோம். இன்று சுகாதார கிளினிக்கில் முன்பதிவு செய்யவும் அது பயன்படுகிறது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்னியல் மருத்துவப் பதிவுகளை வலியுறுத்துகிறது.

இது நம் சமூகத்திற்கு மிகவும் தேவை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனங்களுள் நாம்தான் முதலிடம்! நீரிழிவு ஒரு நாள் மருந்தில் தீரும் நோயல்ல. ஆண்டுக்கணக்கில் இரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், கண், கால் என எல்லாவற்றையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய பதிவுகள் அனைத்தும் திரையில் தெரிந்தால் எவ்வளவு உதவி!

ஆனால், அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவல்களைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு. தகவல் அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. அது உரியவரைச் சேர்ந்ததா, அவருக்குப் புரிந்ததா என்று பார்க்கவும் யாராவது வேண்டும். டிரெசர் செய்த அந்த வேலையை எந்தச் செயலியும் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

அந்த "யாராவது" நாமாக இருக்கலாம், நண்பர்களே. இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிளினிக்கில் பதிந்திருப்பது யாருடைய எண்? அடுத்த சந்திப்பு எப்போது? அதுவரை மருந்து போதுமா? போதாவிட்டால் கிளினிக்கிற்குத் தெரிவியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் குறைக்க விடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் தரவகத்தில் ஊடுருவியவர்கள் ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினர். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. ஆகவே, கடவுச்சொல்லைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பாட்டியின் நோய் விவரம் பாட்டியுடையது. நான் அதைத் திறக்கும்போதெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டே திறக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே பாட்டியை அழைத்துக்கொண்டு கிளினிக்கிற்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் தாதி உடனே மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். இனிப்பின் அளவு ஏறியிருந்தது. நல்ல வேளை, ஆபத்தான நிலை இல்லை. பழைய எண்ணை நீக்கி, என் எண்ணையும் அம்மாவின் எண்ணையும் பதிந்துவிட்டு வந்தோம்.

இப்போது குறுஞ்செய்தி வந்தால், நான் வளாகத்திலிருந்து பாட்டிக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறேன். பாட்டி அந்தத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறார். மாத்திரைகள் இப்போது முழுதாகவே இருக்கின்றன.